எதிர்ப்படும் நாய் என்ன இனம்? சென்னைத் தெருக்களில் கேமராவோடு கற்றவை

சில ஆண்டுகளாகச் சென்னையில் நான் நடந்துபோகும் வழிகளில் எதிர்ப்படும் நாய்களைப் படமெடுத்து, ஒவ்வொன்றும் என்ன இனமாக இருக்கலாம் என்று குறித்து வைத்து வருகிறேன். மயிலாப்பூர் மாடவீதிகளில் கடை திறக்கும் முன் படிக்கட்டில் படுத்திருப்பவை, பெசன்ட் நகரில் ஊரூர் குப்பத்துப் படகுகளின் நிழலில் கிடப்பவை, நாகேஸ்வரராவ் பூங்காவைச் சுற்றிக் கயிறு பூட்டி நடத்திச் செல்லப்படுபவை, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோவில் வந்து இறங்குபவை என்று எல்லாத் தரப்பும் அந்தத் தொகுப்பில் உண்டு. இதில் எனக்கு நாளுக்கு நாள் உறுதிப்பட்டு வந்த ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். இந்த ஊரில் ஒரு நாயின் இனத்தைக் கணிக்க முற்படும் எவரும் முதலில் நம் தெரு நாயை ஒரு தனி வகையாகப் பார்க்கப் பழக வேண்டும். எதனோடு எது கலந்து இது பிறந்தது என்ற கேள்வியோடு தொடங்கினால், கணிப்பு முதல் அடியிலேயே வழி தவறிவிடும்.

தெரு நாய் என்பது "எல்லாம் கலந்த கிராஸ்" என்றே பலரும் நினைக்கிறார்கள். லேப் எனப்படும் லேப்ரடாரும் அல்சேஷனும் பொமரேனியனும் தெருவில் விடப்பட்டு, அவை ஒன்றோடொன்று சேர்ந்து உண்டானதே இன்றைய தெரு நாய் என்பது அந்த எண்ணம். உண்மை நேர்மாறானது. நாம் இன்று பெயர் சொல்லி அழைக்கும் ஐரோப்பிய இனங்களில் பெரும்பாலானவை கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள் மனிதர்கள் தேர்ந்து இணைசேர்த்து வரையறுத்தவை. நம் ஊர் நாய்களோ அதற்கு வெகு காலம் முன்பிருந்தே, யாரும் இணை தேர்ந்து கொடுக்காமல், குடியிருப்புகளை ஒட்டித் தாமே வாழ்ந்து பெருகியவை. பல நாடுகளின் கிராமத்து நாய்களை இன நாய்களோடு ஒப்பிட்டு 2015-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்றில், இந்தியா, வியட்நாம், எகிப்து ஆகிய நாடுகளின் நாய்களிடம் ஐரோப்பியக் கலப்பு மிகக் குறைவாகவே தென்பட்டது. தென் பசிபிக் பகுதியின் சில நாய்க் கூட்டங்களோ ஏறக்குறைய முழுவதுமே ஐரோப்பிய வழி வந்தவையாக இருந்தன. சென்னை போன்ற பெருநகரத்தில், வீட்டு நாய்கள் கைவிடப்படுவதால், கலப்பு கிராமத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அடித்தளம் இந்தப் பழைய வழிதான் என்பதை நெஞ்சில் நிறுத்திக்கொண்டால், தெருவில் காணும் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வேறு பெயர் தேடும் தேவையே எழாது.

அந்தப் பழைய வழியின் உருவத்தை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. தோளுயரம் ஏறத்தாழ அரை மீட்டர். ஒட்டிய குட்டை மயிர். நெற்றியிலிருந்து மூக்கு வரை படிப்படியாகக் குறுகும் முகம். மிக நீளமும் இல்லாத, மிகக் குட்டையும் இல்லாத மூஞ்சி. நிமிர்ந்த அல்லது நுனி மட்டும் மடிந்த காது. எச்சரிக்கையானால் முதுகின் மேல் வளையும் வால். உடலுக்கேற்ற நீளமான கால்கள். நிறம் எதுவாகவும் இருக்கலாம். செவலை மிகுதி, கருப்பும், வெள்ளையில் கருமறையும் செம்மறையும், புலியைப் போல வரியோடியதும் உண்டு. வெள்ளை மார்பு, வெள்ளைப் பாதம், நெற்றியில் வெள்ளைக் கோடு ஆகியவற்றைக் கண்டதும் "வேறு ஏதோ கலந்திருக்கிறது" என்று சொல்லிவிடுவார்கள். அவை நாட்டு நாயிடம் இயல்பாக வருபவை. கலப்புக்குச் சான்று ஆகா.

கைப்பேசிச் செயலிகளை நம்பி இந்தப் பழக்கத்தைத் தொடங்குபவர்கள் அதிகம் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படம் காட்டினால் இனம் சொல்லும் செயலி, தனக்குக் கற்பிக்கப்பட்ட இனங்களுக்குள்தான் விடை தேடும். நாய் இனங்களை அடையாளம் காணும் கணினி ஆய்வுகளில் பரவலாகப் பயன்பட்டு வரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் படத்தொகுப்பில் 120 வகைகளின் 20,580 படங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஆஸ்திரேலியாவின் டிங்கோ உண்டு, ஆப்பிரிக்காவின் பசன்ஜி உண்டு, காட்டில் வாழும் செந்நாய்கூட உண்டு. ஆனால் தமிழ்நாட்டு நாய் இனங்களான ராஜபாளையம் இல்லை, சிப்பிப்பாறை இல்லை, கன்னி இல்லை, கோம்பை இல்லை. நம் தெரு நாயும் இல்லை. இப்படிப்பட்ட தொகுப்பில் பயின்ற செயலியிடம் சாந்தோமில் படுத்திருக்கும் ஒரு செவலை நாயைக் காட்டினால், தன்னிடம் உள்ளவற்றில் அதற்கு மிக நெருங்கிய உருவத்தைத்தான் அது எடுத்து நீட்டும். எனக்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் பசன்ஜி, டிங்கோ என்ற இரண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. அருகில் எழுதியிருக்கும் சதவிகிதத்தைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. தன் பட்டியலுக்குள் எது மிகவும் பொருந்துகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பட்டியலுக்கு வெளியே ஒரு நாய் இருக்கக்கூடும் என்பது அதற்குத் தெரியாது.

நம் நாட்டு வேட்டை நாய்களுக்கு இதனால் நேரும் அநீதி எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் நாய் தூய வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. சைதாப்பேட்டையில் இத்தகைய தமிழ்நாட்டு நாய் இனங்களை வளர்த்து விற்பதற்கென்றே கால்நடைப் பராமரிப்புத் துறையின் பிரிவு ஒன்று இயங்கி வந்ததால், சென்னைக்கு இது புதிய முகமும் அன்று. அப்படியிருந்தும் தெருவில் ஒரு ராஜபாளையத்தை நடத்திச் செல்பவரிடம், "இது அர்ஜென்டினா நாயா?" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அர்ஜென்டினாவின் டோகோவும் வெள்ளை என்பதுதான் அதற்குக் காரணம். இரண்டையும் பக்கவாட்டில் பார்த்தால் குழப்பமே இல்லை. டோகோவுக்கு அகன்ற மண்டையும் தடித்த கழுத்தும் தசை திரண்ட உடலும் இருக்கும். ராஜபாளையம் நீண்ட முகமும் ஆழ்ந்த மார்பும் உள்ளிழுத்த வயிறுமாக, ஓடுவதற்கென்று அமைந்த உடல்.

ஆனால் வெள்ளை நாயெல்லாம் ராஜபாளையமும் அல்ல. முழு வெள்ளையாகப் பிறக்கும் தெரு நாய்கள் நிறைய உண்டு. அவற்றுக்குப் பெரும்பாலும் மூக்கு கருப்பாக இருக்கும், அல்லது இளஞ்சிவப்பில் கரும்புள்ளி தெளித்திருக்கும். கண் இமையின் விளிம்பும் கருத்திருக்கும். மூக்கு, இமை, உதடு மூன்றையும் கிட்டத்தில் காட்டும் ஒரு படம் இல்லாமல் இந்தக் கேள்வியை முடிக்க முடியாது. ராஜபாளைய நாய்களில் பிறவிக் காது கேளாமை அடிக்கடி காணப்படும் ஒன்று. ஆகவே முதுகுப்புறமிருந்து கூப்பிட்டால் திரும்பாத வெள்ளை நாயிடம், அது நம்மைக் கண்ணால் பார்த்த பிறகே நெருங்க வேண்டும்.

சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் வேறொரு துன்பம். இவை இயல்பிலேயே ஒல்லியான உடல் கொண்டவை. நல்ல தீனி தின்று நலமாக வளரும் சிப்பிப்பாறைக்கும் கடைசி விலா எலும்புகள் தெரியும். அதைப் பட்டினி போடுகிறார்கள் என்று எண்ணி வளர்ப்பவரிடம் சண்டைக்குப் போகும் நல்ல மனம் படைத்தவர்கள் ஊரில் உண்டு. இதற்கு எதிர்ப்புறமாக, உண்மையிலேயே பசியில் வாடும் தெரு நாயைப் பார்த்து "சிப்பிப்பாறை கிராஸ்" என்று ரசிப்பவர்களும் உண்டு. இது முன்னதைவிடக் கொடியது, ஏனெனில் உதவி தேவைப்படும் உயிரை அது அழகுப்பொருளாக்கி விட்டுவிடுகிறது. இரண்டையும் பிரித்தறிய நான் பார்ப்பது மார்பின் ஆழத்தை. வேட்டை நாயின் மார்புக்கூடு முழங்கை வரை இறங்கி, அங்கிருந்து வயிறு சட்டென்று மேலேறும்; இடுப்பின் மேல் முதுகு மெல்ல வளைந்திருக்கும்; தொடைத் தசை ஒல்லியான உடலிலும் உருண்டு திரண்டு நிற்கும்; தோல் மெல்லியதாய்ப் பளபளக்கும். பட்டினி கிடக்கும் நாயிடம் தொடைத் தசையும் கரைந்திருக்கும்; மயிர் மங்கிச் சிலிர்த்திருக்கும்; உடல் எவ்வளவு வற்றினாலும் தலை மட்டும் தன் பழைய அகலத்திலேயே இருக்கும். கன்னி நாயைக் கருப்பு உடலும் கால்களிலும் மார்பிலும் கண்களின் மேலும் செம்மஞ்சள் நிறமுமாகக் காணலாம். வெளிர் நிறத்தது பால் கன்னி. ஆனால் அதே கருப்பும் செம்மஞ்சளும் டாபர்மேனுக்கும் ராட்வைலருக்கும் உண்டு, தெரு நாய்க்கும் உண்டு. நிறத்தை வைத்து ஒருபோதும் இனம் சொல்லக் கூடாது என்று நான் உறுதியாக இருப்பதற்கு இந்த ஒன்றே போதுமான காரணம்.

ஒற்றை அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு இனம் சொல்வதே இந்தப் பழக்கத்தில் அதிகம் நடக்கும் பிழை. ஒரு கண் நீலமாக இருந்தால் ஹஸ்கி, நாக்கில் கரும்புள்ளி இருந்தால் சௌ சௌ என்ற சீன இனம், காது தொங்கினால் லேப், செவலை உடலில் மூஞ்சி மட்டும் கருத்திருந்தால் கோம்பை என்று பெயர்கள் தடையின்றி வந்து விழும். இவற்றில் எதுவும் அந்தந்த இனத்துக்கு மட்டுமே உரியதன்று. மேலும், இரண்டு இனங்கள் கலந்தால் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் பாதிப் பாதியாக இருக்கும் என்ற நம்பிக்கையே தவறு. அமெரிக்காவின் பார் ஹார்பரில் பல ஆண்டுகள் நாய்களை வளர்த்து ஆராய்ந்து 1965-இல் முடிவுகளை வெளியிட்ட ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அறிஞர்கள், பசன்ஜியையும் காக்கர் ஸ்பேனியலையும் இணைசேர்த்தார்கள். பிறந்த குட்டிகளிலும் அவற்றின் குட்டிகளிலும் பல, இந்த இரு இனங்களில் எதையும் நினைவூட்டாத தோற்றத்தோடு இருந்தன. தாயும் தந்தையும் எழுத்தில் பதிவாகியிருந்த நாய்களுக்கே இந்த நிலை என்றால், தந்தை யாரென்றே தெரியாத தெருக் குட்டியின் முகத்தைப் பார்த்து மூன்று இனங்களை அடுக்கிச் சொல்வது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இருந்தாலும் சில அடையாளங்கள் மற்றவற்றைவிட நம்பத்தக்கவை. அவற்றுக்குப் பரம்பரையில் காரணம் இருக்கிறது. குட்டைக்கால் அவற்றுள் முதன்மையானது. டாஷ்ஹண்ட் போன்ற நாய்களின் குட்டைக்காலுக்குக் காரணமான மரபணு மாற்றம் ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே கால்களைக் குறுக்கிவிடும். ஆகவே தெரு நாயின் தலையும் வாலும் இருந்து, கால் மட்டும் குட்டையாக வளைந்திருந்தால், குடும்பத்தில் எங்கோ ஒரு டாஷ்ஹண்ட் இருந்திருக்கிறது என்று ஓரளவு துணிந்து எழுதலாம். நீள மயிர் இதற்கு நேரெதிர். குட்டை மயிர்தான் மேலோங்கி நிற்கும் பண்பு. நீள மயிர் வெளிப்பட வேண்டுமானால் தாய் தந்தை இருவரிடமிருந்தும் அது வந்திருக்க வேண்டும். எனவே ஒரு தெரு நாயும் ஒரு பொமரேனியனும் சேர்ந்து பிறந்த குட்டிகள் பெரும்பாலும் குட்டை மயிரோடுதான் இருக்கும், பார்ப்பவர் எவருக்கும் பொமரேனியன் நினைவுக்கே வராது. சடை தொங்கும் ஒரு நாயைத் தெருவில் கண்டால் கலப்பைப் பற்றி யோசிக்கும் முன், அது வீட்டிலிருந்து விடப்பட்டதா அல்லது தப்பி வந்ததா என்று விசாரிப்பதே சரியான வரிசை. இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: நம் வீடுகளில் பொமரேனியன் என்று அழைக்கப்பட்டு வளர்ந்த வெள்ளை நாய்களில் மிகப் பல, இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற தனி வகை. மெய்யான பொமரேனியன் மூன்றரைக் கிலோவைத் தாண்டாத சிறு நாய். உருண்ட முகமும் குட்டை மூக்கும் உடையது. நீண்ட, நரியொத்த முகத்தோடு மாடிச் சுவரில் நின்று தெருவையே அதிர வைப்பது அநேகமாக ஸ்பிட்ஸ்.

இனிப் படமெடுப்பது. அழகான படம் வேறு, இனம் காண உதவும் படம் வேறு. தலையைச் சாய்த்து நம்மைப் பார்க்கும் முகம் மட்டும் நிறைந்த படம் மனத்தைக் கவரும். ஆனால் அதில் உயரமும் மார்பும் காலும் வாலும் இல்லை. நான் ஒவ்வொரு நாய்க்கும் முதலில் தேடுவது, நாலு காலும் தரையில் ஊன்றி நிற்கும் முழுப் பக்கவாட்டுத் தோற்றம். அடுத்தது முகத்தின் பக்கவாட்டு. நெற்றிக்கும் மூக்குத் தண்டுக்கும் இடையே உள்ள பள்ளம் ஆழமா மேலோட்டமா என்பது அதில்தான் தெரியும். பிறகு நேர்முகம், எச்சரிக்கையாக இருக்கும்போதும் ஓய்வாக இருக்கும்போதும் வால் எப்படி நிற்கிறது என்பது, கால் விரல்கள். எல்லாம் ஒரே நாளில் கிடைக்காது. தெரு நாய்க்குத் தன் எல்லை உண்டென்பதால் அடுத்த வாரமும் அதே முனையில் அதைக் காணலாம், அவசரம் வேண்டாம்.

நாயின் கண் மட்டத்துக்குக் கேமரா இறங்கியே ஆக வேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் தலை பெருத்துக் கால் குறுகி, நல்ல உயரமான நாயும் டாஷ்ஹண்ட் கலப்பாகத் தெரியும். ஆனால் நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, எந்தக் கேமரா வகுப்பிலும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள். நம் தெரு நாய்களின் அனுபவத்தில், தன் எதிரே குனியும் மனிதன் கல் எடுப்பவன். குனிந்த அந்த நொடியில் அது ஓடிவிடும், அல்லது பல்லைக் காட்டும். ஆகவே நான் நாய்க்கு வெகு தொலைவிலேயே, அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு படியிலோ நடைபாதை ஓரத்திலோ உட்கார்ந்துவிடுவேன். கைகள் இரண்டையும் மடியின் மேல் தெரியும்படி வைத்திருப்பேன். கேமராவை எடுப்பதெல்லாம் அது மீண்டும் தலையைக் கீழே போட்டுப் படுத்த பிறகுதான். ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம் இப்படி இருந்தால், பல நாய்கள் தாமே எழுந்து வந்து மோந்துவிட்டுப் போகும். நேராகக் கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பதையும், பெரிய லென்ஸைச் சட்டென்று அதன் முகத்துக்கு நேரே உயர்த்துவதையும் தவிர்க்க வேண்டும். இரவில் ஃபிளாஷ் கூடவே கூடாது.

கைப்பேசியில் எடுப்பவர்கள் அருகில் போய் எடுக்காமல், நாலைந்து அடி விலகி நின்று இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு உருப்பெருக்கத்தில் எடுக்க வேண்டும். மிக அருகில் வைத்து எடுத்தால் கேமராவுக்குக் கிட்ட இருக்கும் மூக்கு நீண்டு பருத்தும், காதும் உடலும் சிறுத்தும் விழும். முகத்தின் நீளத்தை வைத்துக் கணிக்கும் நமக்கு இந்தப் பிழை பெரிய பிழை. அளவு தெரிய, பழக்கமான பொருள் ஒன்று படச் சட்டத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். சென்னைத் தெருவில் இதற்குப் பஞ்சமில்லை. கடை வாசலில் நிற்கும் இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஏறத்தாழ அரை மீட்டர் உயரம். அதன் பக்கத்தில் நாய் நின்றால் தோளுயரம் உடனே தெரிந்துவிடும்.

வெளிச்சத்தில் கவனிக்க வேண்டியது கருப்பு நாய்க்கும் வெள்ளை நாய்க்கும் நேர்மாறாக இருக்கும். கேமரா தான் காணும் காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயல்வது. கருப்பு நாய் சட்டம் முழுவதும் நிறைந்தால் அதை வெளுக்க வைத்துவிடும். அதே கருப்பு நாய் மெரினாவின் வெளிர் மணலில் சிறிதாக நின்றால், மணலின் ஒளிக்கு ஈடுகட்டப் போய் நாயை உருவமற்ற நிழலாக்கிவிடும். முதல் நிலையில் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், இரண்டாவதில் கூட்ட வேண்டும். கைப்பேசியாக இருந்தால் திரையில் நாயின் உடலைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை நகர்த்தினால் போதும். கருப்பு என்று நாம் நினைத்த நாயின் உடலில் வரியோ, செம்பழுப்புச் சாயலோ இருப்பது இப்படி எடுத்தால்தான் தெரியவரும். காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை வெயில் சாய்ந்த பிறகும் நல்ல நேரம். நண்பகலில் நாய்க்கும் நமக்கும் துன்பமே மிச்சம்.

படம் எடுத்த பிறகு அக்கம்பக்கத்தில் விசாரிப்பதை நான் படத்துக்குச் சமமாக மதிக்கிறேன். பூக்கடை அக்கா, இஸ்திரி வண்டிக்காரர், அடுக்குமாடிக் காவலாளி, மீன் விற்கும் ஆயா ஆகியோருக்கு அந்த நாயின் தாயையும் சில வேளை பாட்டியையும் தெரியும். ஊரூர் குப்பத்தில் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் ஒன்று செவலையாகவும் ஒன்று கருமறையாகவும் ஒன்று குட்டைக்காலோடும் இருந்ததைக் கண்டு கேட்டபோது, வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் அக்கா சொன்னார்: "தாயி இங்கதான் படகாண்ட கெடக்கும் தம்பி. அப்பன் ஒருத்தனா ரெண்டு பேரான்னு யாருக்குத் தெரியும்? அந்த மாடி வீட்டுக் குட்டக்கால் நாயும் அப்போ இங்கதான் சுத்திட்டிருந்துச்சு." அவர் சொன்னது அறிவியலுக்கு முற்றிலும் ஒத்தது. பெண் நாய் ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண் நாய்களோடு சேர்ந்தால், ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் இருக்க முடியும். ஒரு குட்டிக்குச் சொன்ன கணிப்பைக் கூடப் பிறந்ததற்கும் சொல்லிவிட முடியாது என்பதை இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

பிறந்து ஒரு மாதம் நிரம்பாத குட்டிக்கு இனம் சொல்வதை நான் அறவே விட்டுவிட்டேன். கொழுகொழுவென்ற செவலைக் குட்டி எதுவானாலும் லேப் போலத்தான் இருக்கும். காது மடிந்திருப்பது குட்டிக்கு இயல்பு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் காது நிமிர்ந்து, கால் நீண்டு, வால் வளைந்து நாட்டு நாய் நிற்கும். லேப் என்று சொல்லப்பட்டு வீட்டுக்குள் வந்து, நாட்டு நாய் என்று தெரிந்ததும் வாசலுக்கு வெளியே போன குட்டிகள் எத்தனையோ. நம் கணிப்பு ஓர் உயிரின் உறைவிடத்தையே தீர்மானிக்கக்கூடும் என்பதால், தத்தெடுக்க வருபவரிடம் "எனக்குத் தெரிந்தவரை நாட்டு நாய்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது இருவருக்கும் நன்மை.

இதன் இன்னொரு முனை இன்னும் கூர்மையானது. 2024 மார்ச்சில் மத்திய அரசு பிட்புல், ராட்வைலர், டோகோ அர்ஜென்டினோ உள்ளிட்ட 23 இனங்களைக் கட்டுப்படுத்தச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பிறகு அது நீதிமன்றங்களில் நிற்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் ஒரு சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறிய கொடுமைக்குப் பிறகு, அகன்ற தலையுள்ள நாய் எதைக் கண்டாலும் இந்த ஊரில் அச்சம் எழுவது இயற்கை. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட சூழலில் ஒரு நாயைக் காட்டி "பிட்புல் கலப்பு" என்று சொல்வது பொழுதுபோக்காக இருக்க முடியாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காப்பகங்களில் இருந்த 120 நாய்களை வைத்து நடந்த ஆய்வில், காப்பகத்தார் பாதிக்கு மேற்பட்டவற்றைப் பிட்புல் வகை என்று எழுதியிருந்தார்கள். மரபணுச் சோதனையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே அவ்வகை. நாள்தோறும் நாய்களோடு வாழும் ஊழியர்களின் கண்ணே இவ்வளவு பிசகும் என்பதால், கட்டுப்பாட்டுக்கு உள்ளான இனங்களின் பெயரை, வளர்ப்பவரே சொன்னாலன்றி, என் குறிப்புகளில் நான் எழுதுவதில்லை. இனத்தின் பெயரைக் கொண்டு குணத்தைச் சொல்வதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வின்படி, தனித்தனி நாய்களிடையே நடத்தையில் காணும் வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 சதவிகிதம்.

காதைப் படம் பிடிக்கும்போது அதன் ஓரத்தையும் பாருங்கள். சிறு வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்யப்பட்ட நாய் என்பதற்கு அடையாளம். சண்டையில் கிழிந்த காது ஒழுங்கற்று இருக்கும், இது நேர்த்தியான வெட்டாக இருக்கும். வெட்டு இல்லாத பெண் நாயையும் குட்டிகளையும் கண்டால் மாநகராட்சிக்கோ அருகிலுள்ள விலங்கு நல அமைப்புக்கோ தெரிவிப்பது, படமெடுப்பவர் அந்த நாய்க்குச் செய்யக்கூடிய நேரடி உதவி.

குட்டிகளோடு இருக்கும் தாயையும், தின்றுகொண்டிருக்கும் நாயையும், உறங்கும் நாயையும் நெருங்காதீர்கள். எத்தனை கவனமாக இருந்தும் பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நாய் தெரிந்த நாய்தானே என்று காத்திருக்கலாகாது. ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. அடிக்கடி நாய்களோடு பழகுபவர்கள் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

படங்களைப் பகிரும்போது இடத்தைக் குறிப்பிடுவதில்லை. கைப்பேசிப் படத்தோடு ஒட்டிக்கொண்டு போகும் இடக்குறியையும் நீக்கிவிடுகிறேன். விலையுயர்ந்த வீட்டு நாய் திருடு போகக்கூடும், தெரு நாய்க்குத் தீங்கு நினைப்பவர்களும் உண்டு. வளர்ப்பு நாயாக இருந்தால் கயிற்றைப் பிடித்திருப்பவரின் அனுமதி கேட்ட பின்பே கேமராவை எடுப்பேன்.

குறிப்பு எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு முன்னால் நிற்கும்போதே, பெயர் எதையும் எழுதாமல், கண்டதை மட்டும் எழுதுகிறேன்: "பெண், தோளுயரம் தண்ணீர் கேனைவிடச் சற்றுக் குறைவு, செவலை, மார்பில் வெள்ளை, இடக் காது நிமிர்ந்தது, வலக் காது நுனி மடிந்தது, வால் ஒரு சுற்று, காது வெட்டு உண்டு, தாய் இதே தெரு என்கிறார் இஸ்திரிக்காரர்." இனம் பற்றிய கணிப்பு வீடு திரும்பியபின், தனி வரியில், உறுதியா ஐயமா என்ற குறிப்போடு வரும், "நாட்டு நாய்" என்பதே அங்கு மிகுதியாக நான் எழுதும் விடை. நாய் தொலைந்து தேடுபவர்களுக்கும் இதையே சொல்வேன். சுவரொட்டியில் "லேப் கிராஸ் காணவில்லை" என்று எழுதினால், அதே நாயை நாட்டு நாய் என்று எண்ணும் பால்காரர் அதைக் கண்டும் கடந்துவிடுவார். எந்தக் காது மடிந்திருக்கும், எந்தப் பாதம் வெள்ளை, வால் எந்தப் பக்கம் சுருளும் என்று எழுதி, முழுப் பக்கவாட்டுப் படம் ஒன்றைச் சேர்த்து ஒட்டுங்கள்.